காவற்காட்டில் தீ: செஞ்சி மலைகளும் அவற்றின் உயிர்களும் மலையேறும் மனிதரும்

உலகப் பாரம்பரியச் சின்னமாக உயர்ந்துள்ள செஞ்சிக் கோட்டையின் மதில்களுக்குக் காவல் உண்டு, சட்டம் உண்டு, அறிவிப்புப் பலகை உண்டு. அம்மதில்களைச் சூழ்ந்த குன்றுக்காடுகளோ கோடைதோறும் தீயின் வாயில் நிற்கின்றன. வருகையாளர் கூட்டம் பெருகவிருக்கும் இவ்வேளையில், கோட்டையையும் காட்டையும் ஒரே மலையாகக் கருதிக் காப்பதன் தேவையை ஆராய்கிறது இக்கட்டுரை.

பண்டைத் தமிழர் கோட்டையின் எல்லையை மதிலோடு முடித்துக்கொண்டதில்லை. திருக்குறளின் அரண் அதிகாரம் நீரையும் வெட்டவெளி நிலத்தையும் மலையையும் நிழலடர்ந்த காட்டையும் ஒருசேர எண்ணியே அரணுக்கு இலக்கணம் வகுக்கிறது. மதிலுக்கு வெளியே பகைவர் எளிதில் நுழைய முடியாதபடி வளர்த்துப் பேணப்பட்ட காட்டைக் காவற்காடு என்று உரையாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செஞ்சி இவ்விலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்தும் கோட்டையாகும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளைச் சுமார் 13 கிலோமீட்டர் நீள மதில் இணைக்க, குளங்களும் சுனைகளும் உள்ளே நீர் தர, புதர்க்காடு அவற்றைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. அவுரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார் கான் 1690ஆம் ஆண்டு முற்றுகையிட்ட இக்கோட்டை 1698 வரை தாக்குப்பிடித்ததற்கு மதிலின் உயரத்தைப் போலவே நிலத்தின் இயல்பும் காரணமாக இருந்தது.

2025ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியரின் இராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளைச் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே. அத்தொகுப்பின் பெயர் மதில்களை மட்டும் குறிக்காமல் நிலவமைப்பு முழுவதையும் குறிப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அந்நிலவமைப்பின் பாதியாகிய காடு, கோட்டைக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்கையும் பெறவில்லை. காட்டின் மிகப் பெரிய பகை தீ. அத்தீயை மூட்டுவது ஏறத்தாழ எப்போதும் மனிதக் கை. மலைக்கு வருவோர் தொகை உயர உயர அந்த ஆபத்தும் உயரும் என்பதால், இப்போது செய்யப்படும் ஏற்பாடுகளே வரும் பல பத்தாண்டுகளுக்கு இம்மலைகளின் நிலையைத் தீர்மானிக்கும்.

குன்றும் மழையும் காடும்

செஞ்சி வட்டாரக் குன்றுகள் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல இடைவெளியின்றி நீளும் தொடர் அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய தென்பகுதியைச் சேர்ந்த இவை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கருங்கல் பாறைகள் வெயிலிலும் மழையிலும் பிளந்தும் உருண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் கற்குவியல்களாகும். பாறைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் சேர்ந்த மண்ணில்தான் இங்கே காடு வேர்விட்டிருக்கிறது. அதனால் எவ்வளவு சிறிய மண்திட்டும் இக்காட்டுக்கு மூலதனமாகிறது. ஒருமுறை கரைந்துபோன மண்ணை மீட்கப் பல தலைமுறைகள் ஆகும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இம்மாவட்டத்துக்கு அதில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் உயரத்துக்கு எழும் புல், தை பிறந்ததும் மஞ்சளாகி, மாசியில் சருகாகி, பங்குனி வெயிலில் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் நிலையை அடைகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுக்குப் பின்வரும் கோடையே தீக்கு மிகவும் உகந்த கோடையாக அமைவது இதனால்தான். மழை மிகுந்தால் காட்டுத் தீ குறையும் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, பருவமழை வளர்த்த புல் அடுத்த சில மாதங்களில் எரிபொருளாகிவிடுகிறது.

இப்பகுதியின் இயல்பான காட்டுவகையை வனவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். குறைந்த மழை பெறும் நிலத்திலும் ஆண்டு முழுவதும் இலையுதிர்க்காமல் நிற்கும், தடித்த சிறு இலைகளையுடைய குட்டையான மரங்களின் காடு என்பது இதன் பொருள். இந்தியக் காடுகளைச் சாம்பியனும் சேத்தும் 1968இல் வகைப்படுத்தியபோது தனி வகையாக வைத்த இக்காடு, சோழமண்டலக் கரையையும் அதை ஒட்டிய நிலத்தையும் தவிர இந்தியாவில் வேறெங்கும் பரவலாக இல்லை. உலக்கைப்பாலை, வீரை, காசான், காட்டு எலுமிச்சை போன்றவை இதன் அடையாள மரங்கள். செஞ்சியை அடுத்த பாக்கம்மலைக் காப்புக்காட்டில் இவ்வகையின் துண்டுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. காப்புக்காடு என்பது வனச்சட்டத்தின்கீழ் எல்லை குறித்து அறிவிக்கப்பட்டு, வெட்டவும் மேய்க்கவும் தீமூட்டவும் தடைவிதிக்கப்பட்ட அரசுக் காடு. வெட்டலும் மேய்ச்சலும் தீயும் தொடர்ந்த இடங்களில் பசுமைமாறா மரங்கள் ஒதுங்கிவிட, அவற்றின் இடத்தைத் துரிஞ்சி, வெப்பாலை, விராலி, சூரை, களா, காட்டுச் சீத்தா ஆகியவை பிடித்துக்கொண்டு முட்புதர்க்காடாக மாற்றிவிட்டன. இன்று ராஜகிரியின் படிகளில் ஏறுவோர் இருபுறமும் காண்பது பெரும்பாலும் இந்த மாறிய காட்டைத்தான்.

தீ எங்கே பிறக்கிறது

காட்டில் மூங்கில்கள் உரசித் தானாகத் தீப்பிடிக்கும் என்ற நம்பிக்கை பொதுமக்களிடையே வேரூன்றியிருந்தாலும், இந்தியக் காட்டுத்தீகளில் மிகப் பெரும்பாலானவை மனிதராலேயே மூட்டப்படுகின்றன என்பது வனத்துறையின் நெடுநாள் அனுபவம். மின்னலால் தீ எழுவது குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் இயல்பு. மழையோடு சேர்ந்தே பெரும்பாலும் மின்னும் தமிழகத்தில் அது அரிது. செஞ்சிக் குன்றுகளில் மூங்கிற்புதர்கள் முதன்மைத் தாவரமாக இல்லாததால், அந்த விளக்கம் இங்கே மேலும் பொருந்தாது.

தீமூட்டும் கைகள் பலவகைப்பட்டவை. பழைய புல்லைக் கொளுத்திவிட்டால் கோடைமழையில் ஆடுமாடுகளுக்கு இளம்புல் துளிர்க்கும் என்று மேய்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். முயலையும் உடும்பையும் வெளியே விரட்டுவதற்காகத் திருட்டு வேட்டையாடுவோர் புதருக்குத் தீ வைப்பதுண்டு. மலைத்தேன் எடுக்கக் கொண்டுசென்ற பந்தத்திலிருந்து உதிரும் கங்கு, மலைக்கோயிலில் ஏற்றிவிட்டு அணைக்காமல் வந்த கற்பூரம், மது அருந்த ஒதுங்கியவர்கள் வீசிய பீடித்துண்டு, காட்டோரக் கரும்புத் தோட்டத்தில் அறுவடைக்குப் பின் எரித்த தோகையிலிருந்து காற்றில் பறந்த சாம்பல், சாலையோரக் குப்பைக்கு வைத்த தீ ஆகிய அனைத்தும் அதே விளைவைத் தருகின்றன. இவர்களுள் வேட்டைக்காரரைத் தவிர மற்றவர்களுக்குக் காட்டை அழிக்கும் எண்ணம் இல்லை என்பதே இச்சிக்கலின் மையம். வேண்டுமென்று செய்யப்படும் குற்றத்தைத் தண்டனையால் குறைக்கலாம். பழக்கத்தாலும் கவனக்குறைவாலும் நேர்வதை இடைவிடாத காவலாலும் பேச்சாலும் மாற்று ஏற்பாட்டாலும் மட்டுமே குறைக்க முடியும்.

தீயை எல்லாக் காட்டுக்கும் ஒரே அளவில் பகையெனக் கொள்வதும் சரியன்று. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடை முற்றுமுன் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் தரைத்தீயை மரபாகக் கையாண்டு வந்தனர். அது தடைசெய்யப்பட்ட பின்னர் உண்ணிச்செடி கட்டுக்கடங்காமல் பெருகியதாக அவர்கள் கூறுவதை ஆய்வாளர்களும் கருத்தில் கொண்டுள்ளனர். இலையுதிர் காட்டில், தேர்ந்த கையால், குளிர்ந்த பருவத்தில் மூட்டப்படும் அந்தத் தீக்கும், பங்குனி நண்பகலில் ஒரு பீடித்துண்டால் செஞ்சிக் குன்றில் பற்றும் தீக்கும் பெயர் மட்டுமே பொது. உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் வெட்டினால் தழைக்கக்கூடியவை என்றாலும் அவற்றின் நாற்றுகள் தீயைத் தாங்குவதில்லை. ஆண்டுதோறும் எரியும் சரிவில் பழைய மரம் மூத்து விழ, அதன் இடத்துக்கு இளமரம் வராமல்போக, புல்லும் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் புகுந்துவிடும். எளிதில் எரியும் அவை அடுத்த தீயை இன்னும் வேகமாக அழைத்துவருகின்றன.

சரிவில் ஏறும் நெருப்பு

காட்டுத்தீ பற்றி எரியக் காற்றும் வெப்பமும் எரிபொருளும் வேண்டும். இவை மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றே. ஆனால் தீயின் போக்கை நிலத்தின் சாய்வே முடிவுசெய்கிறது. சமதளத்தில் சுடர் மேல்நோக்கி எழுந்து வெப்பத்தை வானுக்கு விடுகிறது. மலைச்சரிவிலோ சுடரின் முனை தனக்கு மேலேயுள்ள புல்லை நெருங்கிச் சாய்ந்து, அதைத் தொடுமுன்னரே உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. சாய்வு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீ ஏறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் நினைவில் வைத்திருக்கும் கணக்கு. பகலில் வெயிலால் சூடான காற்று அடிவாரத்திலிருந்து உச்சியை நோக்கி வீசுவதால், நண்பகல் தீ மலையேறும் மனிதனைவிட வேகமாக மலையேறிவிடுகிறது. இரவில் காற்று திசைமாறிக் கீழிறங்கும்போது தீயும் தணிந்து மெல்லப் படர்கிறது. தீக்காவலர்கள் விடியலுக்கு முன் சரிவை அடைய முயல்வதன் காரணம் இதுவே.

செஞ்சி போன்ற பாறைக்குன்றில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையிலுள்ள சந்து, அடியில் சருகு நிறைந்திருக்கையில், அடுப்பின் புகைபோக்கியாகவே செயல்படுகிறது: கீழே பற்றிய தீ சந்தின் வழியே உறிஞ்சப்பட்டு மேலேயுள்ள புதரில் சட்டென்று வெடிப்பதுபோல் எழும். வெளியில் அணைந்துவிட்டதாகத் தோன்றும் சரிவின் உள்ளே, பாறைக்கு அடியில் கிடக்கும் வேரிலும் பட்டுப்போன கட்டையிலும் கனன்றுகொண்டிருக்கும் கங்கு ஓரிரு நாள் கழித்துக் காற்றில் மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. தரையிலுள்ள புல், சருகு, புதர் ஆகியவற்றை மட்டும் எரித்துச்செல்வதைத் தரைத்தீ என்றும், மரங்களின் தலைகள் வழியாகத் தாவிச்செல்வதை முகட்டுத்தீ என்றும் பிரிப்பர். செஞ்சியில் எழுபவை பெரும்பாலும் தரைத்தீயே. உயரம் குறைந்த அத்தீ பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், நாற்றும் முட்டையும் புழுவும் விதையும் வாழும் அடுக்கையே அது அழிக்கிறது.

அதை அணைக்கும் முறை இன்றும் பெரிதும் கைவேலைதான். தண்ணீர் வண்டி ஏறமுடியாத சரிவில், காவலர்கள் பச்சை இலையடர்ந்த கொப்புகளை ஒடித்து, தீயின் ஓரத்தில் வரிசையாக நின்று, சுடரை எரிந்துமுடிந்த பக்கமாகத் தள்ளி அடித்து, காற்றை மறித்து அணைக்கிறார்கள். ஒருவர் களைத்து விலகினால் அந்த இடைவெளியில் தீ வெளியேறிவிடும் என்பதால் வரிசை கலையாமல் மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. தீ மிகுந்தால், அது வரும் வழியில் முன்கூட்டியே ஒரு கோட்டைச் சுத்தம்செய்து, அங்கிருந்து தீயை நோக்கி எதிர்த்தீ மூட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எரிபொருள் இல்லாமல் செய்கிறார்கள். காற்றின் போக்கை நன்கு அறிந்தவர் அல்லாமல் வேறெவரும் கையில் எடுக்கக்கூடாத முறை அது.

தீயைக் கண்டறிவதில் அண்மைக் காலத்தில் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம், 375 மீட்டர் அளவு நுணுக்கத்துடன் வெப்பப்புள்ளிகளைக் காட்டும் விர்ஸ் கருவியையும் ஒரு கிலோமீட்டர் நுணுக்கமுடைய மோடிஸ் கருவியையும் தாங்கிய செயற்கைக்கோள்களின் தரவைப் பெற்று, உரிய வனப் பணியாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறது. நாட்டின் வனப்பரப்பில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி அடிக்கடி தீப்பற்றும் வாய்ப்புடையது என்று அந்நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. எனினும் செயற்கைக்கோள் நாளொன்றுக்குச் சில முறையே கடக்கிறது. புல்தீயோ ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு குன்றின் முகத்தை முடித்துவிடும். ஆகவே சிறுகுன்றுகளில் அடிவார ஊரின் கண்ணும் கைப்பேசியுமே முதல் எச்சரிக்கைக் கருவியாக விளங்குகின்றன.

குன்றின் குடிகள்

புலியும் யானையும் இல்லாத காடு என்பதால் செஞ்சிக் குன்றுகள் வனவிலங்கு பற்றிய பேச்சில் இடம்பெறுவதே அரிது. ஆனால் இங்கே வாழும் சிற்றுயிர்களுள் சில, தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் ஒன்று மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாறைக்குன்றுகளில் மட்டுமே வாழும் இச்சிறு பறவையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. பாறையும் புதரும் கலந்த சரிவைவிட்டு அது சமவெளிக்கு இறங்கி வாழ்வதில்லை. குன்றுகள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளித் தனித்தனியே நிற்பதால், ஒரு குன்றின் புதர்க்காடு அழிந்தால் அப்பறவைக்கு அடுத்த குன்று எளிதில் எட்டும் தொலைவில் இருப்பதில்லை.

பாக்கம்மலைக் காட்டில் வாழும் தேவாங்கின் நிலையும் இத்தகையதே. ஏறத்தாழ கால் கிலோ எடையே உள்ள இந்த இரவு விலங்கு, பெரிய கண்களால் இருளில் பூச்சிகளைத் தேடிக் கிளை வழியே மெல்ல நகர்ந்து பிடித்துண்கிறது. பகலில் முட்கொடிகள் பின்னிய கிளைப்புதருக்குள் பந்துபோலச் சுருண்டு உறங்குகிறது. குரங்கைப் போல ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவ அதனால் இயலாது. ஒரு கையும் ஒரு காலுமாவது கிளையைப் பற்றியிருக்க, கிளையோடு கிளை தொட்டால்தான் அது கடந்துசெல்லும். நண்பகலில் புதரடியில் தீப்பற்றும்போது உறங்கிக்கொண்டிருக்கும் அதற்கு ஓடும் வேகமும் இல்லை, தாவும் வழியும் இல்லை. தப்பிப் பிழைத்தாலும், மரங்களை இணைத்துக்கொண்டிருந்த கொடிகளும் புதர்களும் கருகிவிட்டமையால் காடு அதற்குத் தீவுகளாகச் சிதறிவிடுகிறது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 11,806 எக்டேர் பரப்பைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. அதற்கு வெளியேயுள்ள தேவாங்குகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை காவல் தருகிறது. அவை வாழும் புதருக்கு அத்தகைய தனிக்காவல் இல்லை.

தரையில் வாழ்வோரின் இழப்பு இன்னும் பெரிது. பக்கி எனப்படும் இரவுப்பறவை கூடே கட்டாமல் வெறுந்தரையில் சருகோடு சருகாக இரண்டு முட்டைகளை இடுகிறது. கௌதாரியும் காடையும் புல்லடியில் முட்டையிடுகின்றன. அவற்றின் இனப்பெருக்க காலத்தில் ஒரு பகுதி தீக்காலத்தோடு மோதுவதால், ஒரே நாள் தீ ஒரு தலைமுறையையே அழிக்கக்கூடும். பதறி வெளியேறும் வெட்டுக்கிளிகளையும் ஓணான்களையும் பிடிக்கக் கரிச்சானும் பருந்தும் தீயின் முகப்பில் வட்டமிடுவது உண்மைதான். அந்த விருந்து ஒரு நாளோடு முடிந்துவிட, பூச்சியற்ற கருநிலம் மழைவரை நீடிக்கிறது. உணவும் நிழலும் இழந்த புள்ளிமான்கள் தண்ணீர் தேடி ஊருக்குள் இறங்கும்போது சுவரற்ற கிணற்றில் விழுவதும், நாய்களிடம் சிக்குவதும், நெடுஞ்சாலையில் அடிபடுவதும் தமிழகக் குன்றோரக் கிராமங்களின் கோடைக்காலச் செய்திகளாகிவிட்டன. இம்மரணங்கள் தீயின் கணக்கில் எழுதப்படுவதில்லை என்றாலும் அவற்றுள் ஒரு பங்கு தீயினால் விளைந்ததே.

தீயின் சேதம் உயிர்களோடும் நிற்பதில்லை. செஞ்சியை அடுத்த செத்தவரையிலும் விழுப்புரம் திருக்கோவிலூர்ப் பகுதியின் கீழ்வாலையிலும் வரலாற்றுக்கு முற்பட்ட பாறை ஓவியங்கள் உள்ளன. கருங்கல்லில் உள்ள படிகக்கல் கடும் வெப்பத்தில் சட்டென்று விரிவதால் பாறையின் மேற்றோல் செதில்செதிலாகப் பெயர்கிறது. ஓவியமும் கல்வெட்டும் இருப்பது அந்த மேற்றோலில்தான். புல் எரிந்து வேரும் தளர்ந்த சரிவில் அடுத்து வரும் பெருமழை மண்ணை வழித்துச் செல்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது திண்டிவனம் அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய மழையை எதிர்கொள்ளும் சரிவில் மண்ணைப் பிடித்துநிறுத்தப் புதரும் வேரும் இருக்க வேண்டும். கீழே உள்ள ஏரிகள் வண்டலால் தூர்ந்துபோகாமல் இருப்பதும் அவற்றையே சார்ந்திருக்கிறது.

மலையேறும் மனிதர்

சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியின் உச்சியை நோக்கி ஏறுவோர் பலதரத்தவர்: வரலாற்றை நாடிவரும் மாணவர்கள், சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் விடுமுறை நாளில் வரும் குடும்பங்கள், மலையிலுள்ள கமலக்கண்ணி அம்மனையும் அரங்கநாதரையும் வணங்கவரும் பக்தர்கள், படமெடுக்க வரும் இளைஞர்கள். இவர்கள் வருகையால் செஞ்சியின் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், உணவகத்தார் ஆகியோரின் வாழ்வு நடக்கிறது. மலையை மக்களிடமிருந்து பூட்டிவைப்பது தீர்வாகாது. மலையைக் கண்டு நேசித்தவர்களே அதைக் காக்கக் குரல்கொடுப்பார்கள். ஆயினும் கூட்டத்தின் அளவுக்கேற்ற ஒழுங்கு இல்லாதபோது என்ன நேரும் என்பதைத் தமிழகம் ஒருமுறை பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் புல்வெளித் தீ சூழ்ந்துகொண்டதில் 23 பேர் உயிரிழந்தனர். உயரமான உலர்புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல் காற்று என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த அந்த மலைமுகத்தில் ஓடித் தப்ப இடமே இருக்கவில்லை. அதன்பின் அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்து, பாதைகளை அவற்றின் கடுமைக்கேற்ப வகைப்படுத்தி, வனத்துறையின் முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்ட ட்ரெக் தமிழ்நாடு திட்டம், பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளை உடனனுப்புவதோடு தீக்காலத்தில் பாதைகளை மூடியும் வைக்கிறது. குரங்கணி கற்பித்த பாடம் உயர்மலைகளில் இவ்வாறு நடைமுறைக்கு வந்திருக்கையில், அதே புல்லும் அதே சரிவும் அதே வெயிலும் உள்ள சிறுகுன்றுகளுக்கு அது இன்னும் இறங்கிவரவில்லை.

உலகின் மறுபுறத்திலும் இதே பாடம் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2003 அக்டோபரில் வழிதவறிய ஒரு வேட்டைக்காரர் தம்மைத் தேடுவோர் காணட்டும் என்று மூட்டிய சிறுதீ, வறண்ட காற்றில் பரவி 2,70,000 ஏக்கருக்கு மேல் எரித்து 15 உயிர்களைக் குடித்தது. மலையேறுவோரும் முகாமிடுவோரும் விரும்பிச்சென்ற குயமாக்கா ராஞ்சோ மாநிலப் பூங்கா அத்தீயில் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கருகியது. விதைமரங்களே அழிந்துபோனதால் அங்குள்ள ஊசியிலைக் காடு தானாக மீள முடியாமல், நாற்றுகளை நட்டு மீட்கும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. தீமை செய்யும் எண்ணம் சிறிதுமின்றி மலைக்கு வந்த ஒரே மனிதரின் ஒரே செயல் ஒரு காட்டின் வரலாற்றை மாற்றிவிட முடியும் என்பதற்கு அது சான்று.

வருகையாளரால் நேரும் இடர் தீயோடு முடிவதும் இல்லை. தின்பண்டம் கொடுத்துப் பழக்கப்பட்ட கோட்டைக் குரங்குகள் காட்டுக்கனிகளைத் தேடுவதை விட்டுப் பைகளைப் பறிக்கக் கற்றுக்கொள்கின்றன. அவை உண்டு விதைபரப்பும் பணி குறைவதால் காட்டின் மறுவளர்ச்சியும் குறைகிறது. வீசியெறிந்த நெகிழிப் பைகள் சருகோடு கலந்து தீயை நச்சுப்புகையாக மாற்றுகின்றன. எங்கோ எழும் புகை பாறைமுகட்டில் கூடுகட்டியுள்ள மலைத்தேனீக்களைக் கலைத்துவிட்டால், படிகளில் நிற்போருக்கு ஓட வழியிருக்காது.

ஒரு சரிவு, பல நிர்வாகங்கள்

கோட்டையின் மதிலும் கட்டடங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வரையறுத்து, கட்டுமானத்தையும் கல்லுடைப்பையும் கட்டுப்படுத்துகின்றன. காப்புக்காடு வனத்துறையின் பொறுப்பு. 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் அதில் தீமூட்டுவதைக் குற்றமாக்குகிறது. அடிவார மேய்ச்சல் நிலமும் ஏரிக்கரையும் வருவாய்த்துறையையும் ஊராட்சியையும் சேர்ந்தவை. தீ இவ்வெல்லைகளில் எதையும் அறியாது. ஊராட்சிப் புறம்போக்கில் பற்றிய தீ காப்புக்காட்டில் வளர்ந்து மதிலின் இடுக்கில் முளைத்த புதர்வரை ஏறும்போது, அதை அணைக்கும் கடமை யாருடையது என்ற கேள்விக்கு விடை தேடுவதற்குள் சரிவு கருகிவிடும். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு மேலாண்மைத் திட்டம் இன்றியமையாதது. அத்திட்டத்தில் தீயையும் காட்டுயிரையும் ஓர் அத்தியாயமாகவேனும் சேர்க்க இதைவிடப் பொருத்தமான தருணம் அமையாது.

செய்யத்தக்கவை

முதலாவது, காலத்தே செய்யும் தீத்தடுப்புக் கோடுகள். சருகையும் புல்லையும் அகற்றித் தீ தாண்டாதவாறு வெறுமையாக்கப்படும் இப்பட்டைகளைப் புல் முற்றிலும் காயுமுன், தை மாதத்துக்குள் வெட்டிமுடிக்க வேண்டும். படிக்கட்டின் இருமருங்கும், ஊரை ஒட்டிய காட்டெல்லையும், நெடுஞ்சாலை ஓரமும் முதலிடம் பெற வேண்டியவை. வெட்டிய புல்லை அங்கேயே எரிக்காமல், அடிவார ஊர்களின் கால்நடைகளுக்குத் தீவனமாகக் கொடுத்தால், இளம்புல்லுக்காகத் தீமூட்டும் தேவையே மேய்ப்பவர்களுக்கு இராது.

இரண்டாவது, உள்ளூர்த் தீக்காவலர். செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் இருளர், பாறைச் சந்துகளையும் காற்றின் போக்கையும் விலங்கின் தடத்தையும் தலைமுறையாக அறிந்தவர்கள். மாசி முதல் ஆனி வரை அவர்களுக்குக் காவலர் பணியும், முறையான கூலியும், காலணியும், காப்பீடும் வழங்கினால், அவ்வறிவு காட்டுக்குப் பயன்படுவதோடு வேலையற்ற கோடையில் அவர்கள் வீட்டு அடுப்பும் எரியும்.

மூன்றாவது, வருகையாளருக்கான ஒழுங்கு. நுழைவாயிலிலேயே தீப்பெட்டி, பீடி, சிகரெட், மது ஆகியவற்றைப் பெற்று வைத்துக்கொள்வது, கோடையில் மலையேற்றத்தைக் காலை வேளையோடு நிறுத்துவது, கடும்வெயிலும் காற்றும் கூடிய நாள்களில் உச்சிப் பாதையை மூடி அடிவாரக் கோட்டையை மட்டும் திறந்துவைப்பது, கற்பூரம் ஏற்ற மலைக்கோயிலில் கற்றளமிட்ட இடம் ஒன்றை அமைத்து விழாக்காலத்தில் அங்கே ஆள் நிறுத்துவது ஆகியவை பெரும் செலவு கேட்பவை அல்ல.

நான்காவது, காட்டை மீட்டெடுத்தல். அது இயலும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. மரக்காணம் அருகே கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீசுவரர் ஐயனாரின் கோயிற்காடு, மக்கள் கொண்ட பயபக்தியால், உலர் பசுமைமாறாக் காட்டின் செழித்த மாதிரியாக இன்றும் நிற்கிறது. 1968இல் செம்மண் வெளியில் தொடங்கப்பட்ட ஆரோவில், மழைநீரை வரப்பிட்டுத் தடுத்து, மேய்ச்சலையும் தீயையும் விலக்கி, இதே வகை மரங்களை நட்டு ஒரு காட்டையே எழுப்பியிருக்கிறது. முன்னது விதைகளை வைத்திருக்கிறது. பின்னது நாற்று வளர்க்கும் முறையை வைத்திருக்கிறது. செஞ்சிச் சரிவுகளுக்கு இவ்விரண்டும் எளிதில் எட்டும் தொலைவில் கிடைக்கின்றன. ஆனால் நட்ட நாற்று தீயிலிருந்து தொடர்ந்து சில கோடைகள் காக்கப்பட்டாலன்றி நடுதல் வெறும் விழாவாகவே முடியும் என்பதால், மீட்பின் முதல் படியும் தீத்தடுப்பே ஆகிறது.

இவை எவையும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. தனித்தனியே எங்கோ நடைமுறையில் இருப்பவை. செஞ்சிக்கு வேண்டுவது அவற்றை ஒரே திட்டமாக்கி, தொல்லியல் துறை, வனத்துறை, தீயணைப்புத் துறை, ஊராட்சிகள், மலைக்கோயில் நிர்வாகம் ஆகிய அனைவரும் ஏற்றுக்கொள்ளும் ஒரே தீக்கால நாட்காட்டியாக வகுத்து, தை பிறக்கும் முன் செயலுக்குக் கொண்டுவருவதே. பெருங்கோட்டையைக் கட்டிய தலைமுறைகள் மதிலையும் காட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பாரம்பரியம் என்ற பெயரில் அதைப் பெற்றுக்கொண்ட தலைமுறை கல்லை மட்டும் காத்து, அக்கல்லிடையே வாழும் தேவாங்கையும் சின்னானையும் தீக்கு விட்டுவிட்டால், பெற்றதில் பாதியை இழந்துவிட்டே அடுத்தவர்களிடம் ஒப்படைக்க நேரும்.